தேவராஜின் கை வேம்புலியம்மாள் முடியில் இருந்த வருஷம்

1987ஆம் வருஷம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைத் தெருவில், தேவராஜின் வலது கை அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாளின் தலைமுடியில் மாட்டிக்கொண்டது. மறு வருஷம் மாசியில்தான் திரும்பி வந்தது. அந்தப் பங்குனியில் வெயில் முன்னாலேயே தொடங்கிவிட்டது, மண்ணெண்ணெய் சரியாகக் கிடைக்கவில்லை, ஏரித் தண்ணீர் மதகுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த மாதத்தைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் இந்த நான்கையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்.

ஏரிக்கரைத் தெருவுக்கு ஒரு பக்கம்தான் வீடுகள். எதிர்ப்பக்கம் நெடுக டிபென்ஸ் குவார்ட்டர்ஸின் மதில். மதிலில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடிந்த இடம் ஒன்று இருந்தது. பாலும் கறிவேப்பிலையும் ஊர்ப் பேச்சும் அதன் வழியாகத்தான் போய் வந்தன. வேம்புலியம்மாளின் அப்பா ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர். வயல்கள் மனைகளானபோது நிலக்காரர் ஒரு மூலைத் துண்டை அவருக்குக் கொடுத்தார். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை எழும்பியது. அப்பா போன பிறகு வீடு வேம்புலியம்மாள் பேருக்கு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டெய்லரிங் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிற வேலை அவளுக்கு. பூந்தமல்லிக்காரனான தேவராஜுக்கு அதே எஸ்டேட்டில், வேறு கம்பெனியில், லேத்து ஓட்டுகிற வேலை. கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இன்னும் இல்லை.

அவள் முடி முழங்காலைத் தொடும். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தேவராஜ் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, முடியைத்தான் பார்த்தான். "முடின்னா அது முடி மச்சான்" என்று சேக்காளிகளிடம் பத்து தடவையாவது சொன்னான். கல்யாணமான பிறகு அந்த முடிக்கு அவன் இன்னொரு உபயோகம் கண்டுபிடித்தான். அடிப்பதற்கு முன்னால் அதைப் பிடிப்பான். கழுத்துக்கு மேலே ஒரு சுற்று சுற்றிப் பிடித்துவிட்டால் தலை அவன் போகச் சொல்லும் பக்கம் போகும். உப்பு குறைந்ததற்குப் பிடித்தான், பஸ் தாமதமாக வந்ததற்குப் பிடித்தான், மதில் இடிசலில் நின்று குவார்ட்டர்ஸ் ஜமீலாவோடு சிரித்ததற்குப் பிடித்தான். தெரு அதைப் பேக்டரி சங்கைக் கேட்பதுபோலக் கேட்டது. சங்கு நின்றதும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் ஷாம்பு பாக்கெட்டில் வந்து சேர்ந்தது. அதுவரை ஷாம்பு என்பது பாட்டிலில் இருப்பது, ஆபீசர் வீட்டுக் குளியலறை ஜன்னலில் வெளியிலிருந்து தெரிவது. இப்போது அது பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கியது. டெய்லரிங் கம்பெனிப் பெண்கள் சம்பளம் வாங்கிய கையோடு ஆளுக்கு இரண்டு கிழித்துக்கொண்டு போனார்கள். வேம்புலியம்மாளும் வாங்கினாள். ஆனால் பாக்கெட் செய்தவர்கள் அவள் முடியை மனதில் வைத்துச் செய்யவில்லை. பருத்திப்பட்டு போர்வெல் தண்ணீரையும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த உப்புத் தண்ணீரில் நுரை வருவதே பெரிய பாடு. வந்த நுரையும் காதோடு நின்றுவிடும். அதனால் அவள் பாக்கெட்டுக்குத் துணை சேர்த்தாள். முதல் நாள் மதியத்து வடிகஞ்சியைப் புளிக்க விட்டு எடுத்துக்கொண்டாள். ஊறவைத்த வெந்தயத்தை அம்மியில் வெண்ணெயாக அரைத்தாள். வேலியோரச் செம்பருத்தி இலையைக் கையால் கசக்கி, கொழகொழவென்று இறங்கும் சாற்றைப் பிழிந்தாள். மூன்றையும் அலுமினியக் குண்டானில் கலந்து, கடைசியில் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, கரண்டிக் காம்பால் ஒரு சுற்று சுற்றினாள். பாக்கெட்டில் கம்பெனிக்காரன் என்ன போட்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. தன் பங்குக்கு என்ன போட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. முடி காய்ந்தால் தெருமுனை வரை மணத்தது.

தேவராஜுக்கு அந்த மணம்தான் பொறுக்கவில்லை. "சீயக்காய்க்கு இன்னா கேடு? யாரு மோந்து பாக்கணும்னு இந்த வாசன?" என்று கேட்டான். கண்ணில் பட்ட பாக்கெட்டையெல்லாம் சாக்கடையில் போட்டான். அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவன் குளித்துக் கிளம்பும்வரை காத்திருந்து, அவசர அவசரமாகத் தலை முழுகிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். குண்டானைக் கலக்கும்போதெல்லாம் "சாமி, அந்தாளு பாக்கக் கூடாது" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வது அவள் வழக்கம். அந்தப் பங்குனிச் செவ்வாயன்று, ஏனென்று அவளுக்கே தெரியாது, அது வாயில் வரவில்லை. "பாத்தா பாக்கட்டும்" என்றுதான் வந்தது. வேறு எதையும் அவள் கூடுதலாகச் சேர்க்கவில்லை. இதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

துவைக்கிற கல்லுக்குக் கீழே காலிப் பாக்கெட் கிடந்ததைத் தேவராஜ் பார்த்தான். அவள் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அவன் துண்டை உருவி எறிந்துவிட்டு முடியைப் பிடித்து இழுத்தான். தலை வரவில்லை. ஏரிக்கரை ஆலமர விழுதைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது அவனுக்கு. இன்னொரு தரம் இழுத்தான். தோள்பட்டையில் சுரீர் என்றது. விட்டுவிடலாம் என்று விரலைப் பிரித்தான், விரல் பிரியவில்லை. முடி ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றியிருந்தது.

"ஏய், வுட்றீ."

"நா எங்க புட்ச்சினுகீறேன்? நீதான் புட்ச்சினுகீற."

அவன் போட்ட சத்தத்தில் தெரு கூடியது. கூடியவர்கள் முதலில் அவன்தான் அவளை அடிக்கிறான் என்று நினைத்து மெதுவாகத்தான் வந்தார்கள். சத்தம் அவனுடையது என்று தெரிந்ததும் வேகமாக வந்தார்கள். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், அந்தத் தட்டுப்பாட்டிலும் ஒரு வீட்டிலிருந்து ஒரு கரண்டி மண்ணெண்ணெய் வந்தது. ஒன்றும் வழுக்கவில்லை. ஜமீலா மதில் இடிசல் வழியாக ஓடிவந்து வேம்புலியம்மாளின் தலையைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா வேம்பு?" என்று கேட்டாள். "எனுக்கு ஒண்ணியும் இல்லக்கா. பூ வச்சாமேரி கீது" என்றாள் வேம்புலியம்மாள். அது உண்மை. அன்று முதல் கடைசி நாள் வரை அந்தக் கையின் பாரம் அவளுக்குத் தெரியவே இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முடியை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். தெருவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. வீடு திரும்பியபோது முடிவெட்டும் முனியன் கத்திரியோடும் பெட்டியோடும் வாசலில் உட்கார்ந்திருந்தார். வேம்புலியம்மாள் அவரைப் பார்த்ததும் நின்றாள். அதனால் தேவராஜும் நின்றான்.

"இன்னாத்துக்கு எம்முடிய வெட்டணும்?" என்று கேட்டாள். "புட்ச்சது நானா?"

கூட்டத்தில் யாரோ முடிதானே, வளர்ந்துவிடும் என்றார்கள். "வளரும்னு எனுக்குத் தெரியாதா? வளத்ததே நாந்தானே" என்றாள். முனியன் கொஞ்ச நேரம் கத்திரியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார், பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். சம்மதம் இல்லாத தலையில் கை வைத்ததில்லை என்று பின்னால் கடையில் சொன்னாராம்.

மறுநாள் அவளுக்கு வேலை இருந்தது. அவனுக்கும் இருந்தது. அவன் தன் கம்பெனிப் பக்கம் இழுத்தான், முடி அசையவில்லை. அவள் தன் கம்பெனிப் பக்கம் நடந்தாள். அவன் அரை அடி பின்னால், கையைத் தூக்கிக்கொண்டு, கூடவே நடந்தான். பஸ்ஸில் பெண்கள் பக்கம் நிற்கக் கூடாது என்று கண்டக்டர் அதட்டினார், பிறகு கையைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். டெய்லரிங் கம்பெனியில் தையல் வரிசைக்குள் ஆண்கள் வரக் கூடாது என்பது சட்டம். ஒரு மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, வருகிற ஆள் சும்மா உட்காரக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆகவே தேவராஜ் அவள் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தைத்த காலரில் தொங்கும் நூலை இடது கையால் வெட்டினான். முதல் வாரம் சட்டையையும் சேர்த்து வெட்டினான். அப்புறம் பழகிவிட்டது. அவள் எத்தனை காலர் தைக்கிறாள், மதியச் சோற்றை எவ்வளவு வேகமாக விழுங்குகிறாள், சூப்பர்வைசர் என்ன பேச்சுப் பேசுகிறார் என்பதையெல்லாம் அவன் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

வைகாசியில் அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். அவளும் மறுக்காமல் கூட வந்தாள். தன் கையைப் பெண்டாட்டி வைத்துக்கொண்டு தர மறுக்கிறாள் என்று அவன் புகார் சொன்னான். கை அங்கே எப்படிப் போனது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வாரிவுட்டுகினு இருந்தேன் சார்."

அவன் அதைச் சொன்னதும் முடி மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றியது. ஸ்டேஷனில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் வேம்புலியம்மாளைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். "அந்தாளே சொல்லட்டும் சார்" என்றாள் அவள். வாரிவிடுகிற புருஷன் மேல் எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, வாரி முடித்த பிறகு வரும்படி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு உலகநாதன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், டிபென்ஸ் பேக்டரியில் யூனியன் பார்த்தவர், மதிலுக்கு இந்தப் பக்கம் நடக்கும் சண்டைகளையும் அவர்தான் பேசித் தீர்ப்பார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "எம்மா, நான் சொல்லுததைக் கேளு. இவன் கம்பெனியில பேரை அடிக்கப் போறானுவ. ஒரு முடிக்காண்டி ஒரு ஆம்பளை வேலையை விடலாமா? வேலை போனா மொளைக்குமா?" என்றார். வேம்புலியம்மாள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "சார், அன்னிக்கி எதுக்குப் புட்ச்சேன்னு இந்தத் தெரு முன்னால அது வாயால சொல்லட்டும். அப்பால பேசலாம்" என்றாள். எல்லோரும் தேவராஜைப் பார்த்தார்கள். தேவராஜ், விளையாட்டுக்குப் பிடித்தேன் என்றான். முடி முழங்கைக்கு ஏறியது. உலகநாதன் மிச்ச டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். ஆனியில் கம்பெனி தேவராஜின் பேரை அடித்துவிட்டது.

இதற்கிடையே முடி வளர்ந்தது. முடி வேரில் வளருமாகையால், வளர வளரக் கை தலையைவிட்டுத் தள்ளிப் போனது. வேம்புலியம்மாள் இப்போது ஒளிக்க வேண்டியதில்லை; வாரம் இரண்டு தரம் நடுவாசலில் உட்கார்ந்து, குண்டான் நிறையக் கலந்து தேய்த்தாள். பாக்கெட்டைச் சரமாகவே வாங்கினாள். அதனால் முடி வாரத்துக்கு ஒரு முழம் வளர்ந்தது. ஆடியில் தேவராஜ் வாசல் வரை போக முடிந்தது. ஐப்பசியில் தெருமுனைப் பெட்டிக்கடை வரை போனான். கார்த்திகையில் முடி தெருவில் ஒரு கருப்புக் கயிறுபோலக் கிடந்தது. சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தாண்டினார்கள், ஆட்டோ வந்தால் அவள் உள்ளே இருந்தபடியே தூக்கிப் பிடித்தாள். மழை விட்ட நாட்களில் அக்கம்பக்கத்தார் அதில் துணி காயப் போட்டார்கள், துணியெல்லாம் மணத்தது. நீளம் கிடைத்த தைரியத்தில் தேவராஜ் ஒருநாள் ரோட்டுக்கு அப்பால் பிராந்திக் கடை வரை போனான். அவன் கிளாஸைத் தொட்டதும் முடி அவனைக் கிணற்று வாளியை இழுப்பதுபோல வீட்டுக்கு இழுத்து வந்தது. வேம்புலியம்மாள் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவ்வளவு முடியை ஒருத்தியால் அலச முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் ஜமீலா வந்தாள், அவளோடு குவார்ட்டர்ஸில் இருந்து மதுரைக்காரியும் சேலத்துக்காரியும் வந்தார்கள், டெய்லரிங் கம்பெனியில் பட்டன் வைக்கிற பார்வதம் வந்தாள். ஆளுக்கு ஒரு சொம்பு வடிகஞ்சி கொண்டுவந்தார்கள். அலசிவிட்டு மிச்சத்தைத் தங்கள் தலையில் தேய்த்துக்கொண்டார்கள். பிறகு தங்கள் வீட்டிலேயே கலக்கத் தொடங்கினார்கள். சேலத்துக்காரி முட்டை சேர்த்தாள், ஜமீலா மருதாணி சேர்த்தாள், பார்வதம் வீட்டில் வெந்தயம் வாங்க முடியாத மாதங்களில் கஞ்சியும் இலையும் மட்டும்தான். எது சேர்ந்தாலும் குறைந்தாலும் பரவாயில்லை, கலக்கும்போது என்ன சொல்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

தெரிந்தது மார்கழியில். டெய்லரிங் கம்பெனி சூப்பர்வைசருக்குப் பெண்களின் பின்னலைப் பிடித்து இழுத்து வேலை சொல்கிற பழக்கம் இருந்தது. அன்று பார்வதத்தின் பின்னலைப் பிடித்தார். கை மாட்டிக்கொண்டது. மிஷின்களெல்லாம் நின்றன. சூப்பர்வைசர், முடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் இருந்த தேவராஜைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கெட்டிக்கார மனுஷர்தான். "தப்புதான். பொம்பளப் புள்ளைங்க மேல கை வெச்சேன். தெனம் வெச்சேன்" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பின்னல் விட்டுவிட்டது. எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே மேற்பார்வை பார்த்தார். வழி இதுதான் என்று அன்று தேவராஜுக்கும் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வேம்புலியம்மாள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வேலை போனது, சேக்காளிகள் போனார்கள், சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

தை பிறந்ததும் அவன் அம்மா கெங்கம்மாள் பூந்தமல்லியில் இருந்து வந்து இறங்கினாள். வாசலிலேயே நின்று மருமகளைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். "எம்புள்ளைய மாடு மேரி கட்டி வச்சிகீறியே, நீ நல்லா இருப்பியா?" என்றாள். வேம்புலியம்மாள், "கட்டு அவுக்கறது உம்புள்ள கைலதான் கீது அத்தே. சாப்ட்டு வந்து திட்டு" என்று தட்டு வைத்தாள். கெங்கம்மாள் சாப்பிட்டுவிட்டு வந்து திட்டினாள். மூன்றாம் நாள் மதியம், மருமகள் கண்ணயர்ந்திருந்தபோது, துணி வெட்டுகிற பெரிய கத்திரியை எடுத்து முடியில் வைத்தாள். முடி கத்திரியைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை தலை முழுகும்வரை கத்திரி முடியிலேயே தொங்கியது, அலசியதும் தானாகக் கல்லில் விழுந்தது. வேம்புலியம்மாள் அதைத் துடைத்து, "இந்தா அத்தே" என்று திருப்பிக் கொடுத்தாள். கெங்கம்மாள் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு, அலசிய முடி வெயிலில் காய்வதை வெகு நேரம் பார்த்தாள்.

மாசி மாதம் ஒரு செவ்வாயன்று பெண்கள் எல்லோரும் வாசலில் கூடியிருந்தார்கள். ஜமீலா குண்டானைக் கலக்கிக்கொண்டிருந்தாள். தேவராஜ் வழக்கம்போல இடது கையால் தண்ணீர் மொண்டு ஊற்றத் தயாராக நின்றான். அப்போது கெங்கம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கொண்டையில் செருகியிருந்த சவுரியை உருவி மடியில் வைத்தாள். "எனுக்கும் தேய்ச்சி வுடு" என்றாள். பின்னந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் வழவழவென்று, பழைய தழும்பின் நிறத்தில் இருந்தது.

"இது இன்னாமா?" என்றான் தேவராஜ். "ஜொரத்துல கொட்டிப் போச்சின்னு சொன்ன?"

"ஒங்க நைனா கையோட வந்துட்ச்சி" என்றாள் கெங்கம்மாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நீ பக்கத்துலதான் நின்னுகினு இருந்த. பாத்துகினுதான் இருந்த. தூக்கிப் போட்டத நீதான் பொறுக்கியாந்து எங்கைல குட்த்த. மறந்துட்டியா நைனா?"

அவன் மறக்கவில்லை. அது அவன் முகத்தில் தெரிந்தது. கையில் இருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் தானாக ஊற்றிக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைத்தான். மண்ணில் உட்கார்ந்தான்.

"அடிக்கத்தான் புட்ச்சேன்" என்றான்.

முழங்கையிலும் மணிக்கட்டிலும் இருந்த சுற்று அவிழ்ந்து, சுண்டுவிரல் விடுபட்டது. அவன் மூச்சை இழுத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று கையை உருவினான். மற்ற விரல்கள் வரவில்லை. வேம்புலியம்மாள் திரும்பாமலேயே, "இன்னும் கீது" என்றாள். அவன் உப்புக் குறைந்த நாளைச் சொன்னான். பஸ் தாமதமான நாளைச் சொன்னான். கல்யாணமான முதல் தீபாவளியன்று, புதுப் புடவையோடு இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் தள்ளியதைச் சொன்னான். அது ஜமீலாவுக்கே தெரியாது. முதலில் அவன் குரல் மண்ணைப் பார்த்து வந்தது, பிறகு பெண்களைப் பார்த்து வந்தது, கடைசியில் வேம்புலியம்மாளைப் பார்த்து வந்தது. அவன் மறந்திருந்ததை அவள் எடுத்துக் கொடுத்தாள். சங்கு ஊதி, ஷிப்ட் மாறி, மதில் ஓரமாக ஆண்கள் சைக்கிளில் வந்து நின்று கேட்டார்கள். சிலர் நடுவிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சொல்லி முடிக்க மதியம் ஆகிவிட்டது, வாசலில் இருந்த பெண்கள் யாரும் அன்று வேலைக்குப் போகவில்லை. கட்டைவிரல் கடைசியாக வந்தது. கை அவன் மடியில் விழுந்தது. வெகு நாள் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்திருந்தது, ஆனால் நன்றாக மணத்தது.

தெரு கைதட்டத் தயாராக இருந்தது. உலகநாதன் இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று முன்னால் வந்தார். வேம்புலியம்மாள் எழுந்து உள்ளே போனாள். அவன் துணிமணியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"எங்க போறது?" என்றான் அவன்.

"பூந்தமல்லில உங்க ஊடு கீதே."

"அதான் எல்லாத்தியும் சொல்லிட்டேனே, வேம்பு."

"சொல்லிட்ட. கை வந்துட்ச்சி. கையத்தான கேட்டுகினு இருந்த?"

அவன் பையை எடுத்தான். கெங்கம்மாளும் ஈரத் தலையோடு எழுந்து முந்தானையை உதறினாள். வேம்புலியம்மாள் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "நீ எங்க போற? தல இன்னும் அலசல." அன்று உட்கார்ந்த கெங்கம்மாள் கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள். அந்த வழுக்கையில் மறு வருஷம் முடி முளைத்தது. நரைமுடியாக இல்லை, கருகருவென்று, முடி போன அந்த வயதில் எப்படி இருந்ததோ அப்படியே முளைத்தது. சவுரியை அவள் அடுப்பில் போட்டாள்.

சித்திரையில், யாரும் வெட்டச் சொல்லாத ஒரு நாளில், வேம்புலியம்மாள் முனியன் கடைக்குப் போய்த் தோள் அளவுக்கு வெட்டச் சொன்னாள். பாரமாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். பாரமில்லை, இப்படி வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்றாள். முடி வாங்குகிறவன் வந்து, மாற்றாகச் சைக்கிளில் இருந்த பாத்திரம் அத்தனையும் இறக்கி வைத்தான். போதாது என்று அவனுக்கே தோன்ற, சைக்கிளையும் கொடுத்துவிட்டு முடியைத் தலையில் சுமந்துகொண்டு போனான். அந்தச் சைக்கிளில்தான் அவள் அதற்கப்புறம் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனாள். இப்போது தலைக்கு ஒரு பாக்கெட் போதுமாக இருந்தது. ஆனாலும் கஞ்சியும் வெந்தயமும் இலையும் சேர்ப்பதை அவள் விடவில்லை.

தேவராஜ் பூந்தமல்லியில் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்தான். வலது கை பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. நூல் வெட்டுவதென்றால் மட்டும் கடைசிவரை இடது கைதான். அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை வந்து வாசலில் நிற்பான். சில வருஷம் கழித்து வேம்புலியம்மாள் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். அதற்கப்புறம் சில வெள்ளிக்கிழமைகளில் அவன் செருப்பு சனிக்கிழமை காலையிலும் வாசலில் கிடந்தது. அது அவள் வீடு, அவள் வாசல் என்பதால் தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் ஏரியைச் சுற்றி மனைகள் விழுந்தன, வேலப்பன்சாவடிப் பக்கம் காலேஜ்கள் வந்தன, ஹாஸ்டல் பெண்கள் பக்கெட்டில் கலக்கக் கற்றுக்கொண்டார்கள். ஷாம்பு கம்பெனி ஒன்றிலிருந்து டை கட்டிய ஒருவர் காரில் வந்து, என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று வேம்புலியம்மாளைக் கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள், கலக்கும்போது சொல்ல வேண்டிய "பாத்தா பாக்கட்டும்" உட்பட. அவர் மற்றதையெல்லாம் குறித்துக்கொண்டார், அதை மட்டும் விட்டுவிட்டார். அந்தச் சரக்கு ஒரு சீசன் விற்றது, அப்புறம் காணோம். ஏரிக்கரைத் தெருவுக்குப் பெண் எடுக்க வருகிறவர்களிடமும் குடிவருகிறவர்களிடமும் பஸ் நேரத்தையும் தண்ணீர் லாரி நேரத்தையும் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. சொன்னாலும் சிலர் நம்புவதில்லை.

1998இல் செம்பரம்பாக்கத்துப் பக்கமிருந்து ராஜசேகரன் என்கிற புது மாப்பிள்ளை, பொன்னியம்மா என்கிற பெண்ணோடு கடைசி வீட்டுக்குக் குடிவந்தான். வந்த மூன்றாம் மாதம், ஒரு காலை நேரத்தில், அந்த வீட்டிலிருந்து ஆண் குரலில் ஒரு சத்தம் வந்தது. தெருவில் யாரும் ஓடவில்லை. இட்லி ஊற்றியவர்கள் ஊற்றினார்கள், பல் விளக்கியவர்கள் விளக்கினார்கள். இந்த வருஷங்களில் இதே தெருவுக்குக் குடிவந்துவிட்ட பார்வதம் குடத்தைக் கழுவியபடி சுவருக்கு மேலே குரல் கொடுத்தாள்.

"பொன்னி, மாட்டிகிச்சா?"

"மாட்டிகிச்சுக்கா."

"தண்ணி லாரி வந்துட்ச்சி. உனுக்கும் சேத்து நானே புடிச்சாரட்டா?"

"வாணாங்க்கா. அவருக்கு இன்னோரு கை கீது."

கொஞ்ச நேரத்தில் பொன்னியம்மா ஈரத் தலையோடு வெளியே வந்தாள். ராஜசேகரன் வலது கையைத் தூக்கியபடி, இடது கையில் குடத்தோடு, அரை அடி பின்னால் வந்து வரிசையில் நின்றான். முன்னால் நின்றவர்கள் அவனுக்குக் கொஞ்சம் இடம் விட்டார்கள். வரிசை நகர்ந்தது.